ஓடும் வண்டியில் காற்று இறங்கினால்...

விடியற்காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்கும், கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். வழியில் ஆணியோ, கருவேல முள்ளோ ஏறி, டயரில் காற்று பொசுக்கென்று இறங்கிவிட்டால் என்ன செய்வது?

எந்தச் சக்கரம் என்பதை வண்டியே சொல்லிவிடும். ஹேண்டில்பார் கனத்து ஒரு பக்கமாக இழுத்தால் முன் சக்கரம். உட்கார்ந்திருக்கும் இடம் பாம்பு போல நெளிந்தால் பின் சக்கரம்.

உடனே பதறிப்போய் பிரேக்கைப் பிடிப்போம். அதுதான் ஆபத்து! காற்றில்லாத டயருக்குச் சாலையில் பிடிப்பு இருக்காது. அந்தச் சக்கரத்தில் பிரேக் விழுந்தால் வண்டி வழுக்கி ஆளைத் தள்ளிவிடும். ஆகவே ஆக்சிலேட்டரை மெல்லக் குறையுங்கள். ஹேண்டில்பாரை நேராகப் பிடியுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். காலைத் தரையில் ஊன்றவும் பார்க்காதீர்கள். வண்டி தானாக வேகம் குறையட்டும்.

பிரேக் போட்டே தீரவேண்டும் என்றால், காற்று இருக்கிற சக்கரத்துக்கு மட்டும் இலேசாகப் போடுங்கள். முன் டயர் போனால் பின் பிரேக்; பின் டயர் போனால் முன் பிரேக். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த 125 சி.சி. வரையுள்ள வண்டிகள் பலவற்றில், பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அவற்றில் இன்னும் மெதுவாக மிதிக்க வேண்டும்.

வேகம் அடங்கியபின் இடது ஓரமாக ஒதுங்கி நிறுத்துங்கள். “இந்தா இருக்கு கடை, ஓட்டிக்கிட்டே போயிடலாம்” என்று கிளம்பினால் டியூப் கிழியும், டயரும் வீணாகும். பாரத்தை இறக்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு போங்கள். டியூப் இல்லாத டயர் என்றால், குத்திய ஆணியைப் பிடுங்காதீர்கள். ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஆணிதான்.

வருமுன் காப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. வாரம் ஒரு நாள், காலையில் வண்டி எடுக்குமுன், டயர் சூடேறாதபோது காற்றைப் பாருங்கள். பின் டயருக்கு ஒருவர் போக ஓர் அளவு, இருவர் போக வேறு அளவு உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கேன்களை இரு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. பாரம் இருக்கும்போது நிதானமாகவே போங்கள், ஹெல்மெட்டையும் மறக்காதீர்கள்.

உழவுக்குப் போகுமுன் மாட்டின் குளம்பைப் பார்க்கிறோம் அல்லவா? வண்டியின் டயரையும் அப்படியே பாருங்கள். பால் கொட்டினால் நாளைக்கும் கறக்கலாம். நீங்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.