சபையில் எழுந்து பேசிய அய்யன்காளி

(பள்ளிவாசல் கற்போர் கூட்டத்துக்கான உரை)



எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், ஆட்சியாளர்கள் கூடும் சபைக்குப் போக முடியுமா? திவான் முன்னால் எழுந்து நின்று பேச முடியுமா? அப்படிப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்களா?

ஒருவர் போனார். பேசினார். கேட்கவும் வைத்தார். அவர் பெயர் அய்யன்காளி.

அவர் பிறந்தது 1863-ஆம் ஆண்டு, ஆகஸ்டு 28-ஆம் நாள். ஊர், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள வெங்ஙானூர். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். மகாராஜா ஆட்சி. பள்ளிவாசலும் தேவிகுளமும் அதே சமஸ்தானத்தில்தான் இருந்தன.

அந்தக் காலம் எப்படி இருந்தது?

அய்யன்காளி பிறந்தது புலையர் குலத்தில். வயலில் நாற்று நட்டவர்கள் அவர்கள். கதிர் அறுத்தவர்கள் அவர்கள். ஆனால் வயல் அவர்களுக்குச் சொந்தம் இல்லை. குடிசை போட்ட இடமும் சொந்தம் இல்லை. முதலாளி போ என்றால் போக வேண்டும்.

பொதுச் சாலையில் நடக்க விடமாட்டார்கள். சந்தைக்குள் நுழைய விடமாட்டார்கள். பள்ளிக்கூடம் பக்கம் பிள்ளைகள் போகவே முடியாது. அதனால்தான் அய்யன்காளியும் படிக்கவில்லை. படிக்க மனம் இல்லாமல் அல்ல. படிக்க இடம் கொடுக்கவில்லை.

1893-இல் அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு காளைகளைப் பூட்டினார். தலைப்பாகை கட்டிக்கொண்டு, நடக்கவே கூடாது என்று தடுத்த சாலையில் வண்டியை ஓட்டினார். எதிர்த்தவர்கள் வந்தார்கள். அவர் வண்டியைத் திருப்பவில்லை.

1907-இல் 'சாது ஜன பரிபாலன சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழை எளிய மக்களைக் காக்கும் சங்கம் என்று பொருள்.

சபைக்குப் போன கதை

திருவிதாங்கூரில் 1904-இல் 'ஸ்ரீமூலம் பிரஜா சபை' தொடங்கப்பட்டது. பிரஜை என்றால் குடிமக்கள். ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சபை கூடும். பிரதிநிதிகள் வருவார்கள். மக்களின் குறைகளைத் திவானிடம் சொல்வார்கள். சட்டம் போடும் அதிகாரம் இந்தச் சபைக்கு இல்லை. ஆனாலும் அங்கே பேசியது பதிவாகும். அரசு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தச் சபையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நிலம் உள்ளவர்கள், வியாபாரிகள், படித்தவர்கள். புலையர் மக்களுக்கு அங்கே ஆள் இல்லை. பி. கே. கோவிந்தப் பிள்ளை என்ற பத்திரிகை ஆசிரியர் 1911-இல் அவர்களுக்காகப் பேசினார். அந்த மக்களில் ஒருவரையே உறுப்பினராக எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். அப்போது திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி. அந்த ஆண்டு டிசம்பரில் அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

1912-இல் அவர் முதல் முறையாகச் சபையில் பேசினார். அவர் என்ன கேட்டார் தெரியுமா?

முதல் கேள்வி: நிலம்

அய்யன்காளி முதலில் கேட்டது நிலம். காட்டோரத்திலும் மேட்டிலும் அரசுக்குச் சொந்தமான தரிசு நிலம் கிடந்தது. அதற்குப் புதுவல் நிலம் என்று பெயர். உழைக்கும் மக்களுக்கு அதைப் பதிந்து கொடுங்கள் என்றார்.

அவர் ஏன் நிலத்தை முதலில் கேட்டார்? சொந்த இடம் இல்லாதவன் முதலாளியை எதிர்த்துப் பேச முடியாது. பேசினால் அன்றே குடிசையைக் காலி செய்ய வேண்டும். காலடியில் ஒரு துண்டு மண் இருந்தால்தான் முதுகு நிமிரும். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நெய்யாற்றின்கரை வட்டம், விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. ஆனால் நிலத்தை ஒதுக்கினால் போதுமா? ஏழை மனுப் போட்ட நிலத்தை வசதி உள்ளவர்கள் தங்கள் பேரில் பதிந்துகொண்டார்கள். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். அதுபோல ஆணை ஏட்டில் இருந்தது. நிலம் வேறு ஒருவர் கையில் இருந்தது.

அய்யன்காளி அதோடு விடவில்லை. இந்த அநியாயத்தையும் சபையிலேயே எடுத்துச் சொன்னார்.

இரண்டாவது கேள்வி: பள்ளிக்கூடம்

எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று 1910-இல் அரசு ஆணை போட்டது. ஆனால் பள்ளிக்கூடக் கதவு திறக்கவில்லை. ஊரூட்டம்பலம் என்ற ஊரில், பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்து அழைத்துப் போனார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். பாதி எரிந்த ஒரு பெஞ்சை அந்தப் பள்ளியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை என்றால் உங்கள் வயலில் நாங்கள் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நடந்த போராட்டம் அது. ஏறக்குறைய ஓர் ஆண்டு நீடித்தது. பட்டினி கிடந்தார்கள். ஆனால் பணியவில்லை. கூலிக்காக மட்டும் அல்ல, பிள்ளைகளின் படிப்புக்காகவும் நடந்த வேலைநிறுத்தம் அது.

இந்தப் பிரச்சினையையும் அய்யன்காளி சபைக்குக் கொண்டு போனார். பள்ளிகளைத் திறந்துவிடுங்கள் என்றார். சம்பளச் சலுகை கொடுங்கள் என்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடுங்கள் என்றார். படித்தவர்களுக்கு அரசு வேலை கொடுங்கள் என்றார்.

ஒரு முறை பேசிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 20 ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினராக இருந்தார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? வெளியே மக்கள் சங்கமாக நின்றார்கள். உள்ளே அவர் பேசினார். இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தப் பேச்சுக்குப் பலம் வந்தது.

1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தார். தன் மக்களில் பத்துப் பேராவது பி.ஏ. படித்து முடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று அய்யன்காளி அவரிடம் சொன்னார். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. 1941 ஜூன் 18-ஆம் நாள் அய்யன்காளி காலமானார்.

மலையில் இன்னும் மீதி இருக்கிறது

அய்யன்காளி கேட்ட பள்ளிக்கூடம் இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மதியச் சோறும் கிடைக்கிறது. ஆனால் அவர் முதலில் கேட்ட நிலம்?

கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. குத்தகைக்கு உழுதவர்களுக்கு நிலம் சொந்தமானது. ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு. கொழுந்து கிள்ளியவர்களுக்குத் தோட்டத்து நிலம் கிடைக்கவில்லை. பரம்பரை பரம்பரையாக லயத்தில் வாழ்க்கை. வேலை முடிந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை விட்டுவிட வேண்டும். பிறகு எங்கே போவது? இந்தக் கேள்வி ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள் போயின. பாதுகாப்பான இடத்தில் சொந்த வீடு என்பது ஆசை அல்ல, உயிர்ப் பிரச்சினை என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

கேட்டால் கிடைக்குமா என்று சிலர் நினைக்கலாம். 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதம் போனஸ் கேட்டார்கள். ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் 8.33 சதவீதம் போனஸாகவும், 11.67 சதவீதம் கருணைத் தொகையாகவும் கிடைத்தது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சரியாக 20 வரும்.

இன்று ஒவ்வொருவருக்கும் ஒரு சபை உண்டு. அதுதான் கிராம சபை. வார்டில் வாக்குரிமை உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். யாரும் நியமிக்க வேண்டியதில்லை. அங்கே எழுந்து பேசலாம். பேசியது குறிப்பேட்டில் எழுதப்பட்டதா என்று பார்க்கலாம். அய்யன்காளிக்குத் தன் பேச்சு எப்படி எழுதப்பட்டது என்று படித்துப் பார்க்க முடியவில்லை. உங்களால் முடியும். எழுத்துக் கற்றதன் பயன் அதுதான்.

திருவனந்தபுரத்தில் பிரஜா சபை கூடிய மண்டபத்துக்கு விக்டோரியா மகாராணியின் பெயர் இருந்தது. 2019-இல் அந்தப் பெயரை மாற்றினார்கள். இப்போது அதன் பெயர் அய்யன்காளி மண்டபம்.

சிந்தித்துப் பேசுவோம்

1. அய்யன்காளி சபையில் முதலில் நிலத்தைக் கேட்டது ஏன்?

2. ஆணை போட்ட பிறகும் பள்ளிக்கூடக் கதவு திறக்காதது ஏன்?

3. உங்கள் வார்டு கிராம சபை கடைசியாக எப்போது கூடியது? அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை எழுதுங்கள்.