வெயிலில் ஓர் அடுப்பு

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் வேகவைக்கும் சிமெண்ட் ஆலைக்குப் பெயர்பெற்ற ஆலத்தியூரில், சித்திரை வெயில் செலவின்றிப் பொழியும் உஷ்ணத்தைக் கொண்டு ஓர் உலையைக் கொதிக்கவைக்கலாமே என்று நினைப்பது வெறும் கற்பனையன்று. 1870களிலேயே பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடிகளின் துணையால் சூரிய ஒளியில் சமைத்துக் காட்டி, 1878இல் அதைப்பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அத்தகைய அடுப்பொன்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய அட்டைப்பெட்டிக்குள் சிறிய பெட்டியொன்றை வைத்து, இடைவெளியில் கசக்கிய செய்தித்தாளையோ வைக்கோலையோ திணித்து, உட்சுவரில் அலுமினியத் தாள் ஒட்டி, வெளிப்புறம் கறுப்பாக்கி மூடிய பாத்திரத்தை உள்ளே இறக்கி, மேலே பழைய ஜன்னல் கண்ணாடியைப் பொருத்தினால், புகுந்த ஒளி வெப்பமாக மாறிப் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது. வெளிமூடியிலும் அலுமினியத் தாள் ஒட்டிச் சூரியனை நோக்கிச் சாய்த்துவைத்தல் உத்தமம். சோறும் பருப்பும் நல்ல வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பக்குவமாகும்; அவசரக்காரர்களுக்கும் தோசைப் பிரியர்களுக்கும் மட்டும் இவ்வடுப்பு பிரயோஜனப்படாது.