ஆவணம் உண்மையே, பொருந்தாதது எது?
(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஆதார், பான் அட்டை, கடவுச்சீட்டு யாவும் அரசே வழங்கியவை. ஆயினும் கணினியில் சரிபார்க்குங்கால் 'பொருந்தவில்லை' என்னும் விடை சிலருக்கு வருகிறது. தம் ஆவணம் போலி எனக் கருதப்பட்டதோ என அவர்கள் கலங்குகின்றனர். கலங்க வேண்டுவதில்லை, காரணம் அறிதல் வேண்டும்.

கணினி அட்டையைப் பார்ப்பதில்லை. நாம் தரும் எண், பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவற்றை மையப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டுமே கூறும். ஆதாரின் 12 இலக்கங்களுள் கடைசி இலக்கம் ஏனைய 11 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. ஆதலால் ஓர் இலக்கம் பிழைத்தாலும் எண் செல்லாது.

நம்மிடையே பெரிய இடர் பெயரில்தான். 'முஹம்மது' என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகையில் 'ஓ'வா 'யு'வா, 'எம்' ஒன்றா இரண்டா என ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். தலைப்பெழுத்தும் அவ்வாறே. பான் அட்டையில் தந்தையின் பெயர் விரிந்து கடைசிப் பெயராகிறது. ஆதாரில் அது ஓரெழுத்தாக நிற்கிறது. ஒருவரே இருவராகிவிடுகிறார். மூத்தோர் சிலரின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமே உண்டு; தேதியும் மாதமும் இல்லை. விலக்குப் பெற்றோர் நீங்கலாக, ஆதாருடன் இணைக்கப்படாத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தமை நாம் அறிந்ததே.

அடுத்தது கைரேகை. பேகம்பூர் தோல் தொழிற்கூடங்களிலும் பூட்டுப் பட்டறைகளிலும் நெடுங்காலம் உழைத்தோரின் விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடைக் கருவி அதனை ஏற்காவிடில் கருவிழிப் பதிவையோ, கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணையோ கேட்டுப் பெறலாம். கைரேகை பொருந்தாமையால் உரியவர்க்கு உதவி மறுக்கப்படலாகாது என்பதை 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆதார் தீர்ப்பும் வலியுறுத்தியுள்ளது. உழைப்பால் தேய்ந்த விரல் ஒருவரின் உரிமையைத் தேய்க்கலாகாது.

ஆதாரில் பெயரை இருமுறையும் பிறந்த தேதியை ஒருமுறையுமே பொதுவாகத் திருத்த இயலும். எனவே எந்த ஆவணத்தை அடிப்படையாகக் கொள்வது என்பதை முதலில் முடிவு செய்து, பின்னர் ஏனையவற்றை அதற்கேற்பத் திருத்துக. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்திற்கும் அடிப்படைச் சான்று. குழந்தையின் பெயரை அதில் தலைப்பெழுத்துடன் ஒரே விதமாகப் பதிக. 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் புதுப்பிக்கத் தவறற்க. ஐயம் எழின் 1947 என்னும் எண்ணில் கேட்கலாம்.

நம் ஜமாஅத்திற்கும் இதில் பொறுப்புண்டு. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தல் கட்டாயம். அங்கு நம் நிகாஹ் பதிவேடும் சான்றாகிறது. ஆகவே மணமக்களின் ஆதார் நகலைப் பெற்று, அதிலுள்ளவாறே எழுத்துக்கு எழுத்து தப்தரில் பதிய வேண்டுமென முன்மொழிகிறோம். இன்று எழுதும் ஓரெழுத்து, நாளை ஒரு விதவையின் ஓய்வூதியத்தையும் ஒரு மாணவரின் கல்வி உதவித்தொகையையும் காக்கும்.