வாயில்லா உயிருக்கு வாயாக



மனிதன் பழக்கிய விலங்குகளுள் நாயே மிகப் பழமையானது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. ஆடும் மாடும் அவனுடைய தொழுவத்திற்கு வருமுன்பே நாய் அவன் மூட்டிய தீயருகே வந்து படுத்துவிட்டது. மகாபாரதத்தின் முடிவில், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என்று தருமபுத்திரர் மறுத்து நின்ற கதையை நீங்கள் அறிவீர்கள். நம்பி வந்த உயிரை நடுவழியில் கைவிடலாகாது என்பதே அக்கதையின் உட்பொருள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே. ஆனால், நாம் நிற்கப்போவது சுவர்க்கத்தின் வாயிலில் அன்று, கால்நடை மருத்துவமனையின் வாயிலில்!

வீட்டு நாய்க்குக் கருத்தடை அறுவை செய்விக்குமுன் நாம் மேற்கொள்ள வேண்டிய ஆயத்தங்கள் யாவை? கால்நடை மருத்துவனாகிய நான், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர்களிலும் கண்டவற்றையும் கேட்டவற்றையும் கொண்டே இதற்கு விடை கூற விரும்புகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் இவை. ஒன்று 11 நிலைக் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் பெயர் பெற்றது; மற்றொன்று பஞ்சாலைகளாலும், தன் பெயரையே தாங்கி நிற்கும் வெண்ணிற நாயாலும் பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அந்நான்கனுள் ராஜபாளையமும் ஒன்றாக இடம்பெற்றது.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி மாணவர் என்னை ஒருமுறை கேட்டார்: "ஐயா, எங்கள் ஊரின் பெருமையே இந்த நாய்தான். இதற்குப் போய்க் கருத்தடை செய்யச் சொல்கிறீர்களே, இனம் அழிந்துவிடாதா?" நல்ல கேள்வி. இனத்தைக் காப்பதும் இனப்பெருக்கத்தைத் தடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்லவா என்று தோன்றுவது இயல்பே.

சற்று ஆழ்ந்து நோக்குவோம். ஓர் இனம் வாழ்வது எண்ணிக்கையால் மட்டும் அன்று, தேர்வினால். ராஜபாளைய நாயின் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் அழகுடையவை. ஆனால், நிறம் தரும் உயிரணுக்களுக்கு உட்செவியிலும் வேலை உண்டு. அவை அங்கே இல்லையெனில், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே கேட்கும் உறுப்பு நலிந்துவிடுகிறது. அதனால்தான் வெண்ணிற இனங்கள் பலவற்றில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. ராஜபாளையமும் இதற்கு விலக்கன்று. செவிட்டு நாய் வீட்டிற்கு அன்பான துணையாக நீண்டநாள் வாழலாம். ஆனால், அக்குறையை அடுத்த தலைமுறைக்கு அது கொடுத்துவிட்டுச் செல்ல நாம் இடம் தரலாமா? உடன்பிறந்த நாய்களையே இணைசேர விடுவதாலும் குறைகள் பெருகும். ஆகவே, நல்ல நாய்களைத் தேர்ந்து, உறவு விலக்கி, திட்டமிட்டு வளர்ப்பது ஒருபுறம். குறையுடையவற்றுக்கும், வளர்ப்பு நோக்கமின்றி வீட்டில் இருப்பவற்றுக்கும் கருத்தடை செய்வது மற்றொருபுறம். இரண்டும் சேர்ந்ததே இனக்காப்பு.

தெருவையும் நினைத்துப் பாருங்கள். பெண் நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவமடைகிறது. கருப்பம் ஏறக்குறைய 63 நாள். ஓர் ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் பிறந்தால், இரண்டை உறவினர் கேட்பர். எஞ்சியவற்றைக் கேட்பார் யார்? சாக்குப் பையில் கட்டிச் சந்தையருகே விட்டுவரும் கொடுமையை நாம் கண்டதில்லையா? சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கொன்றதனால் எண்ணிக்கை குறைந்ததா? இல்லை. 1964ஆம் ஆண்டிலேயே, கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யலாம் என்று நீலச் சிலுவைச் சங்கத்தார் எடுத்துரைத்தனர். சென்னை மாநகராட்சி அவ்வழியை ஏற்றது 1996இல். பின்னர் 2001இலும் 2023இலும் மத்திய அரசு அதற்கென விதிகள் வகுத்தது. தெருநாய்க்கு அரசு செய்யும் கடமையை, வீட்டு நாய்க்கு நாமே செய்ய வேண்டாமா?

இனி, ஆயத்தங்களுக்கு வருவோம்.

முதலாவது, காலம் தேர்தல். பெண் நாய் பருவத்தில் இருக்கும்போது கருப்பையில் இரத்த ஓட்டம் மிகுந்திருக்கும். அப்பொழுது அறுத்தால் இரத்தப் போக்கும் மிகலாம். எனவே, பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்விப்பதே பொதுவான வழக்கம். ராஜபாளையம் போன்ற பெரிய இனங்களுக்கு எலும்பு முதிரும்வரை காத்திருக்கலாமா என்பதையும் மருத்துவரோடு கலந்து முடிவு செய்க. "ஒருமுறையேனும் ஈன்ற பிறகுதான் செய்ய வேண்டும்" என்று பெரியவர்கள் சிலர் கூறுவர். அதற்கு மருத்துவ நூலில் ஆதாரம் இல்லை. மாறாக, இளமையில் செய்துவிட்டால் மடிக்கட்டி வரும் வாய்ப்புக் குறைகிறது. கருப்பையில் சீழ் கோத்து உயிரைக் கொள்ளும் நோய்க்கும் இடமில்லாமற் போகிறது.

இரண்டாவது, உடலைச் சோதித்தல். அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே நாயை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கும் மற்றத் தொற்றுநோய்களுக்குமான தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளனவா, குடற்புழு நீக்கம் ஆயிற்றா என்று பாருங்கள். நம் வெப்ப நாட்டில் உண்ணிகளை மறத்தலாகாது. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்க்கு இரத்தத்தை உறையச் செய்யும் நுண்தட்டுகள் குறைந்துபோகும். வெளியே வாலாட்டிக்கொண்டு நலமாகத் தோன்றும் நாய், அறுவை மேசையில் இரத்தம் நில்லாமல் இடர்ப்படலாம். ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை இவ்வபாயத்தை முன்னரே காட்டிவிடும்.

மூன்றாவது, பழக்குதல். அறுவைக்குப் பின் நாய் காயத்தை நக்காதிருக்கக் கூம்பு போன்ற கழுத்துப்பட்டை அணிவிப்பார்கள். அதனை ஒரு வாரம் முன்னதாகவே வாங்கி, நாள்தோறும் சிறிது நேரம் அணிவித்துப் பழக்குங்கள். வாய்ப்பூட்டும் அவ்வாறே. முதல்நாளே குளிப்பாட்டி நன்கு உலர்த்திவிடுங்கள்; அறுவைக்குப் பின் பத்துப் பதினான்கு நாள் குளியல் கூடாது.

நான்காவது, பட்டினி. இதுவே எல்லாவற்றிலும் தலையாயது. மயக்க மருந்து ஏறியதும் தொண்டையின் காவல் தளர்ந்துவிடுகிறது. வயிற்றில் உணவு இருந்தால் அது மேலெழுந்து மூச்சுக்குழலில் புகக்கூடும். அதனால் உயிரே போகலாம். எத்தனை மணி நேரம் உணவு நிறுத்த வேண்டும், தண்ணீரை எப்பொழுது எடுத்துவிட வேண்டும் என்பது வயதையும் உடல்நிலையையும் பொறுத்தது. குட்டிக்கு நெடும்பட்டினி ஆகாது. ஆதலின் மருத்துவர் குறித்த நேரத்தைத் தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஏன் அடுக்களைச் சுவரில் என்கிறீர்களா? ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததைக் கேளுங்கள். வீட்டார் அனைவரும் விதிப்படி நடந்தார்கள். பாட்டியிடம் மட்டும் சொல்ல மறந்தார்கள். "வாயில்லா ஜீவன், இரவு முழுதும் பட்டினி கிடக்கிறதே!" என்று இரங்கி, அதிகாலையில் அவர் ஓர் உருண்டை பால்கோவாவை ஊட்டிவிட்டார். மருத்துவமனையில் நான் வழக்கம்போல், "காலையில் ஏதேனும் உண்டதா?" என்று கேட்டேன். பெரியவர்கள் "இல்லை" என்றனர். உடன் வந்திருந்த எட்டாம் வகுப்புச் சிறுமி தயங்கித் தயங்கி, "பாட்டி கோவா கொடுத்தார்கள்" என்றாள். அறுவையை அடுத்த வாரத்திற்கு ஒத்திவைத்தேன். ஒரு நாள் வீணாயிற்று என்று வீட்டார் முணுமுணுத்தனர். அச்சிறுமியின் ஒரு சொல்லால் ஓர் அபாயம் விலகியது என்பதை விளக்கிய பின்னர் மகிழ்ந்தனர். பாட்டியின் அன்பில் குறையில்லை. அன்புக்குச் செய்தி எட்டவில்லை, அவ்வளவே.

ராஜபாளைய நாய்க்கென்றே சில குறிப்புகளும் உண்டு. மெலிந்த, கொழுப்புக் குறைந்த வேட்டை நாய்களின் உடலில் பழைய மயக்க மருந்துகள் சில நெடுநேரம் தங்கிவிடும். ஆகவே இனத்தையும் சரியான எடையையும் மருத்துவரிடம் கூறுங்கள். நாய் செவிடாயின் அதையும் கூறுங்கள். மயக்கம் தெளியும்போது நம் குரல் அதற்கு ஆறுதல் தராது. பின்னிருந்து திடீரெனத் தொட்டால் அஞ்சிக் கடிக்கவும் கூடும். கண்முன் நின்று, மெல்லக் கைநீட்டித் தெரிந்த மணத்தைக் காட்டுங்கள். அறுவைக்காக மயிர் மழித்த இளஞ்சிவப்புத் தோலை வெயில் எளிதில் சுட்டுவிடும். நிழலில் வைத்துப் பேணுங்கள்.

"அறுவை செய்தால் நாய் சோம்பிக் காவலை விட்டுவிடுமே" என்பாரும் உளர். காவல் என்பது பிறவியாலும் பழக்கத்தாலும் அமைவது. அறுவையால் அது போவதில்லை. உண்மையில் குறைவது உடலுக்கு வேண்டும் உணவின் அளவே. அதை உணராது முன்போலவே ஊட்டினால் நாய் பருத்துவிடும். பழி அறுவையின்மேல் விழும்!

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு நாய்க்கென ஒரு குறிப்பேடு வையுங்கள். பிறந்த நாள், தடுப்பூசி நாள், பருவமடைந்த நாள், எடை, முன்பு உற்ற நோய், உண்ட மருந்து ஆகிய அனைத்தையும் அதில் எழுதுங்கள். மனித நோயாளி தன் வலியைத் தானே சொல்வான். நாயோ, வலித்தாலும் நம் முகத்தைப் பார்த்து வாலையே ஆட்டும். மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அதன் சார்பில் விடை கூற வேண்டியவர்கள் நீங்களே. அவ்விடை உண்மையாக இருக்குமானால், மருத்துவரின் கத்தி துணிவுடன் தன் பணியைச் செய்யும். உங்களை நம்பி வந்த உயிரும் நலமாக வீடு திரும்பும்.