எருமைதானே, என்ன பண்ணிடப் போகுது?

 

லீவு சீசன் வந்தாலே எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் நிறைய வரும். "ப்ரோ, அப்பா அம்மா அமெரிக்கா வர்றாங்க, எல்லோஸ்டோன் கூட்டிட்டுப் போகலாமா?" தாராளமா போங்க. ஆனா அதுக்கு முன்னாடி, அங்க நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிடறேன். இதுவரைக்கும் இதை யார்கிட்டயும் முழுசா சொன்னதில்லை.

அப்போ எனக்கு சியாட்டில்ல ஆன்சைட். ஜூலை மாசம் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தாங்க. நாலு நாள் லீவு போட்டு, வாடகைக்கு ஒரு கார் எடுத்துக் கிளம்பினோம். எல்லோஸ்டோன் 1872-ல் தொடங்கின தேசியப் பூங்கா. கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில் இருக்கு, ஓரங்கள் மொன்டானாவுக்கும் ஐடஹோவுக்கும் போகுது.

நான் எல்லாத்தையும் பிளான் பண்ற ஆள். கரடிக்குப் பயந்து பேர் ஸ்ப்ரே வாங்கினேன். முதல் நாள் ராத்திரி மோட்டல் ரூம்ல அப்பா அம்மாவை உட்கார வெச்சு ஒரு கே.டி. செஷனே எடுத்தேன். கரடியைப் பார்த்தா ஓடக்கூடாது, 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர் தள்ளி நிக்கணும், இப்படி. அம்மா ஒரு பேப்பர்ல குறிச்சே வெச்சுக்கிட்டாங்க.

மறுநாள் ஹேடன் பள்ளத்தாக்கு. பெரிய புல்வெளி, நடுவுல ஆறு. ரோட்டோரம் பத்துப் பதினஞ்சு கார் நின்னுட்டு இருந்தது. என்னன்னு பார்த்தா, ஒரு பைசன். ஒத்தையா, தலையைக் குனிஞ்சு புல் மேய்ஞ்சுட்டு இருந்தது.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அவர் மன்னார்குடி பக்கத்து கிராமத்துல வளர்ந்தவர். வீட்ல நாலு எருமை. சின்ன வயசுல எருமை மேல உட்கார்ந்துதான் குளத்துக்குப் போவாராம். "டேய், நம்ம எருமைதான்டா இது. என்ன, கொஞ்சம் சடை வளர்த்திருக்கு"ன்னு சிரிச்சார்.

நான் போனை எடுத்தேன். ஃப்ரேம்ல அப்பா பெரிசா தெரியறார், பைசன் எங்கயோ தூரத்துல சின்னதா இருக்கு. "இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்கப்பா"ன்னு சொன்னேன். போனார். "இன்னும் கொஞ்சம்." போனார். யார் சொன்னாலும் கேட்காத மனுஷன், அன்னைக்கு என் பேச்சைக் கேட்டு, அந்த மிருகத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பின்னாடியே நடந்தார்.

பைசன் மேயறதை நிறுத்திச்சு. வால் மேல எழும்புச்சு. பக்கத்துக் கார்ல இருந்த ஒரு அம்மா "டெயில்! டெயில்!"னு கத்தினாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. எங்க அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு. "ஏங்க, வந்துடுங்க! வாங்க இங்க!" அப்பா திரும்பிப் பார்த்துட்டு வேகமா காரைப் பார்த்து வந்தார். அது நாலஞ்சு அடி பாய்ஞ்சு வந்து, மூச்சை உறுமி விட்டுட்டு, நின்னுடுச்சு. அவ்வளவுதான். எங்க அதிர்ஷ்டம்.

அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அப்பாவுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு கார் நீளம் இருந்திருக்கும்.

கார்ல ரொம்ப நேரம் யாரும் பேசலை. கடைசியா அப்பாதான் சொன்னார்: "வாலைத் தூக்கினா சாணி போடப் போகுதுன்னுதான்டா எனக்குத் தெரியும்."

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். முன்னாடியே படிச்சிருக்க வேண்டியது. ஆண் பைசன் 900 கிலோ வரைக்கும் இருக்கும். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்துல ஓடும். நம்மால முடியாது. ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் அதுக்கு இணைசேரும் காலம், அப்போ காளைகளுக்குக் கோபம் சட்டுன்னு வரும். எல்லோஸ்டோன்ல வேற எந்த மிருகத்தை விடவும் அதிகமான மனுஷங்களைக் காயப்படுத்தினது பைசன்தான்னு பூங்கா நிர்வாகமே சொல்லுது. கரடி இல்லை, ஓநாய் இல்லை. புல் திங்கற பைசன்.

ஏன்? கரடியைப் பார்த்தா நம்ம மூளை தானாவே அலாரம் அடிக்கும். மாடு மாதிரி ஒண்ணைப் பார்த்தா அடிக்காது. பழகின முகம்னு நினைச்சுக்கும். பழகினது நாமதான், அது இல்லை. எங்க வீட்டு எருமைக்கு அப்பாவைத் தெரியும். ஹேடன் பள்ளத்தாக்கு பைசனுக்கு அவர் கிட்ட நெருங்கி வர்ற இன்னொரு மிருகம்.

அதோட என் போன் வேற. பெரும்பாலான போன்ல மெயின் கேமராவே வைட் லென்ஸ்தான். தூரத்துல இருக்கறதை இன்னும் தூரமா, சின்னதா காட்டும். நான் ஸ்க்ரீனைப் பார்த்து தூரத்தை முடிவு பண்ணினேன். சென்சார் தப்பான டேட்டா குடுத்தது, நான் கண்ணால செக் பண்ணாம அப்படியே டெப்ளாய் பண்ணிட்டேன்.

இப்போ நோட் பண்ணிக்கோங்க. பைசன், எல்க் மான் மாதிரி மிருகங்கள்ல இருந்து 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர். கரடி, ஓநாயா இருந்தா 91 மீட்டர். டேப் வெச்சு அளக்க முடியாது இல்லையா, அதுக்கு ஒரு கட்டை விரல் கணக்கு இருக்கு. கையை நேரா நீட்டுங்க, ஒரு கண்ணை மூடுங்க, கட்டை விரலைத் தூக்கிப் பிடிங்க. மிருகம் முழுசா விரலுக்குப் பின்னாடி மறையலைன்னா, நீங்க ரொம்பக் கிட்ட இருக்கீங்க.

வால் தூக்கறது, தலையை ஆட்டறது, தரையைக் காலால கீறறது, மூச்சை உறுமறது, இது எல்லாமே எச்சரிக்கை. அப்போ அங்கயே நிக்காதீங்க, உடனே விலகுங்க. கரடிகிட்ட ஓடக்கூடாது, பைசன் பாய்ஞ்சா ஓடலாம். ரெண்டும் வேற வேற ரூல். ரோட்டைக் கடந்து போச்சுன்னா காருக்குள்ளயே இருங்க.

இதே பழகின முகம் பிரச்சினை பாலியிலயும் இருக்கு. நம்ம ஆளுங்க நிறைய பேர் போற ஊர். உலுவத்து கோயில்ல குரங்கு கண்ணாடியைப் பிடுங்கிட்டுப் போகும், பழம் குடுத்தாத்தான் திருப்பித் தரும். பார்க்க காமெடியா இருக்கும். ஆனா பாலித் தீவுல 2008-ல் இருந்து ரேபிஸ் இருக்கு. நாயோ குரங்கோ கடிச்சாலோ கீறினாலோ, "சின்னக் கீறல்தானே"ன்னு விடாதீங்க. சோப்பு போட்டு, ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பிச்சா, காப்பாத்தறது கிட்டத்தட்ட முடியாது. அதுக்கு முன்னாடி தடுப்பூசி போட்டுட்டா தப்பிச்சுடலாம்.

வெளிநாடு வரைக்கும்கூடப் போக வேண்டாம். கொடைக்கானல்ல ரோட்டுக்கு வர்ற காட்டுமாட்டோட செல்ஃபி எடுக்கறவங்களைப் பார்த்திருப்பீங்க. அங்கயும் இதே கட்டை விரலை நீட்டிப் பாருங்க.

அந்த போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு. அப்பா சிரிச்சுட்டு நிக்கறார். பின்னாடி அதோட வால் தூக்கியிருக்கு. ஃபேமிலி குரூப்ல நான் போடலை. ஊர்ல அப்பா இந்தக் கதையை, தானா ஆசைப்பட்டுக் கிட்டப் போன மாதிரிதான் சொல்லிட்டு இருக்கார். "இவன்தான் போகச் சொன்னான்"னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அப்பா, நீங்க இந்த எபிசோடைக் கேட்பீங்கன்னு தெரியும். அன்னைக்குக் கார்ல சொல்லியிருக்கணும். ஸாரிப்பா.

சரி மக்களே, பத்திரமா போயிட்டு வாங்க. அடுத்த வாரம் பேசலாம்.