தலையெழுத்தும் தலைக்காயமும்

(வில்லியனூரை அடுத்த ஒரு கிராமத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச வந்தது தலையைப் பற்றி. விழுப்புரம் சாலையிலோ, பாகூர்ப் பக்கத்திலோ ஒரு வாலிபன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டை உடைந்து செத்தால், "அவன் தலையில் எழுதியது அவ்வளவுதான்" என்கிறோம். எழுதியவன் யார்? எந்த பாஷையில் எழுதினான்? மண்டையைத் திறந்து சிகிச்சை செய்கிற வைத்தியர்களில் ஒருவராவது அந்த எழுத்தைக் கண்டதுண்டா?

ஆனால், எண்ணிப் பார்த்து எழுதிய எழுத்து ஒன்று இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையத்தின் ஆராய்ச்சியாளர் குருராஜ் என்பவர், நம் நாட்டில் மூளைக்காயம் எதனால் வருகிறதென்று ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் கண்டதென்ன? ஏறக்குறைய நூற்றுக்கு 60 காயம் சாலை விபத்தால், 20 முதல் 25 வரை தவறி விழுவதால், 10 அடிதடியால். நூற்றுக்கு 15 முதல் 20 காயங்களில் மது சம்பந்தப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கில் சனிக்கும் ராகுவுக்கும் ஒரு பங்கும் இல்லை. சாராயக் கடைக்குப் பங்கு இருக்கிறது!

இன்னொரு கணக்கும் கேளுங்கள். பல தேசத்து ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு, மோட்டார் சைக்கிள் விபத்தில் ஹெல்மெட்டானது தலைக்காயத்தை நூற்றுக்கு 69 பங்கும், சாவை 42 பங்கும் குறைக்கிறதென்று சொல்கிறது. பிரமன் எழுதிய எழுத்து, கடையில் வாங்குகிற ஒரு ஹெல்மெட்டால் அழியுமானால், அது எழுத்தா, ஏமாற்றா? நீங்களே யோசித்துப் பாருங்கள். புது வண்டி வாங்கினால் கோயிலுக்கு ஓட்டிப்போய், மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஐயருக்குத் தட்சணையும் கொடுக்கிறோம். இரும்பு வண்டிக்கு இவ்வளவு காப்பு. ஓட்டுகிறவன் மண்டைக்கோ ஒன்றுமில்லை.

அடிபட்ட பிறகாவது புத்தி வருகிறதா? சிலர் விழுந்ததும் எழுந்து நடப்பார்கள், நன்றாகப் பேசுவார்கள். மண்டைக்குள் இரத்தம் கசிந்து மூளையை அழுத்த, சில மணி நேரத்தில் நினைவு தப்பிவிடும். ஆகையால் ஓயாத தலைவலி, வாந்தி, மயக்கம், குழறல், வலிப்பு இவற்றில் எது கண்டாலும் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்த நேரத்தை விபூதி மந்திரிப்பதில் கழித்தால், அவனைக் கொன்றது விதியல்ல, நாம்தான்.

பிழைத்து வந்தவன் சிலவேளை மறதியும், காரணமில்லாத கோபமுமாக வேறு ஆளாகிவிடுகிறான். பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கிறார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை, காயம்பட்ட மூளையின் வேலை அது. அவனுக்கு வேண்டியது வைத்தியமும் வீட்டாரின் பொறுமையும்.

சாலையில் ஒருவன் விழுந்து கிடந்தால் "போலீஸ், கோர்ட்டு என்று அலையவேண்டும்" என்று ஒதுங்கிப் போகாதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்குக் கிடையாதென்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்கிற பிரிவையே சேர்த்திருக்கிறார்கள். கழுத்தை அசைக்காமல், வாயில் தண்ணீர் ஊற்றாமல், 108-க்குச் சொல்லுங்கள்.

கடைசியாக நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இக்கூட்டத்துக்கு வண்டியில் வந்த தோழர்களைப் பார்த்தேன். பாதிப்பேருடைய ஹெல்மெட்டுகள் வண்டிக் கண்ணாடியில் தொங்குகின்றன! எலுமிச்சம்பழத்தை நம்புகிறவனும், "எனக்கென்ன ஆகப்போகிறது" என்று நம்புகிறவனும் ஒரே மூடநம்பிக்கைக்காரர்கள்தான். பகுத்தறிவு மேடையில் மட்டும் இருந்து பயனில்லை. அது தலைக்குள்ளும் இருக்கவேண்டும். அந்தத் தலை உடையாமலும் இருக்கவேண்டும். ஆகையால் வீட்டுக்குப் போகிறபோது ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.