பழைய லேண்ட் ரோவரும் வீட்டு வாசற் பட்டறையும்



பால்மரத் தோட்டங்களில் வாழும் நமக்கு லேண்ட் ரோவர் வண்டி புதியதன்று. ஒரு காலத்தில் துரையின் வண்டி என்றாலே அதுதான். இன்று பால்மரக் காடுகளில் அது அருகிவிட்டது. ஆனால் பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் ரிங்லட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கண்ணில் படுகிறது. தேயிலைத் தோட்டத்துச் செங்குத்தான மண்பாதையிலும், காய்கறித் தோட்டத்துச் சேற்றிலும் நாற்பது ஐம்பது ஆண்டு கண்ட வண்டிகள் இன்றும் சுமை இழுக்கின்றன. கீழ்நாட்டுத் தோட்டங்களிலும் பழைய வண்டியொன்றை வாங்கி, காய்கறி ஏற்றியும் பழம் ஏற்றியும் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வண்டியை வீட்டு வாசலிலேயே பேணிக் காப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இந்த வண்டி பிறந்தது 1948ஆம் ஆண்டில். ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரத்து வாகனக் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. உலகப் போர் முடிந்த காலமாதலால் இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் பஞ்சம்; ஆகவே மேற்கூட்டை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். அடிச்சட்டமாகிய சேசிஸ் மட்டும் எஃகு. 1958இல் இரண்டாம் வரிசையும், 1971இல் மூன்றாம் வரிசையும் வந்தன. மூன்றாம் வரிசை 1985 வரை உருவாயிற்று. அதன் வழிவந்த டிஃபெண்டர் வண்டியின் உற்பத்தி 2016ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29ஆம் நாள் நிறுத்தப்பட்டது. நாம் இங்குச் சொல்வன யாவும் முதல் மூன்று வரிசை வண்டிகளுக்கே உரியன. கணினி எதுவும் இல்லாத வண்டி. திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் பாதி வேலை புரிந்துவிடும். ஆனால் ஸ்பேனர் அங்குல அளவினதாக இருத்தல் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து நெம்பினால் நட்டின் மூலைகள் மழுங்கிப் போகும்.

எல்லாவற்றிற்கும் முன்னதாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இஃது உயிர் பற்றியது. மற்ற வண்டிகளில் கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும். இவ்வண்டியில் அவ்வாறன்று. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டைத்தான் அது பிடிக்கிறது. இதனால் விளைவது என்ன? பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கியவுடன், தரையில் நிற்கும் மற்றைய பின்சக்கரம் உருளத் தொடங்கலாம். தூக்கிய சக்கரம் எதிர்ப்புறமாகச் சுழன்று அதற்கு இடங்கொடுத்துவிடும். கைப்பிரேக் முழுவதும் இழுத்திருந்தும் வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழும். மலைச்சரிவில் வாசல் அமைந்த வீடுகளில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும். பின் அச்சுக்குள் உள்ள தண்டு ஒடிந்திருந்தாலும் கைப்பிரேக் பயனற்றுப் போகும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆகையால் ஜாக்கியைத் தொடுமுன் செய்யவேண்டியது இது. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைரம் பாய்ந்த மரக்கட்டையை ஆப்பு வடிவில் வெட்டி அடை கொடுங்கள். உருண்டைக் கல் உதவாது. சிவப்புக் குமிழ் உள்ள நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்து, தாழ்நிலையில் முதல் கியரைப் போடுங்கள். அப்போது முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படும். முன்சக்கரங்களும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். முன்சக்கரக் குடத்தில் தனியே திருகிப் பூட்டும் அமைப்பு பொருத்தப்பட்டிருந்தால், அதனைப் பூட்டினால்தான் இது பயன் தரும். பிறகு அச்சின் அடியில் உறுதியான தாங்கி ஒன்றை வைத்து, அதன்மேல் வண்டியை இறக்கியபின்தான் கீழே படுக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டுதல் ஆகாது. உள்ளே ஓட்டையுள்ள சிமெண்டுக் கல்லைத் தாங்கியாக வைப்பதும் ஆகாது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

இனி, கால்பிரேக். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரையிலான பழைய மலைப்பாதை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவாகச் செல்லும் அப்பாதையில் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளிருக்கும் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மூத்த ஓட்டுநர்களின் வழக்கு. இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை இடையிடையே அழுத்தினாற் போதும். தோட்டத்து மண்பாதை மிகவும் செங்குத்தாக இருந்தால், இறங்குமுன் வண்டியை நிறுத்தித் தாழ்நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பாதி வழியில் மாற்ற முயல்வது வீண் வம்பு.

பிரேக் மிதியைக் கொண்டே நோயை ஓரளவு அறியலாம். மிதி வெகுதூரம் உள்ளே சென்று, இரண்டு மூன்று முறை மிதித்தபின் உயர்ந்து நின்றால், சக்கரங்களின் பின்தட்டில் உள்ள திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். சக்கரம் இறுகும் வரை திருகி, பின்னர்த் தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்துவதே முறை. மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்தபடியே இருக்கும்போது மெல்ல மெல்ல அடியில் இறங்கினால், வெளியே கசிவு தென்படாவிட்டால், பிரதான சிலிண்டரின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. அந்த வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும். பழைய வண்டிகளிற் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த்தொடர்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுத்தால், அச்சின் எண்ணெய் கசிந்து பிரேக் கட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரப்பரைப் பற்றி நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ரப்பர் ஊதிப் பருத்து வலுவிழக்கும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளும் அறிவர். எனினும் பிரேக் சிலிண்டரைக் கழற்றியவர் பழக்கத்தால் அதைப் பெட்ரோலில் கழுவுவதைக் காண்கிறோம். அது பெரும் பிழை. உள்ளிருக்கும் வளையங்கள் உப்பிச் சிக்கிக்கொள்ளும்; பிரேக் விடாமற் பிடிக்கும், அல்லது பிடிக்காமலே போகும். பிரேக் எண்ணெயைக் கொண்டே கழுவ வேண்டும். இயந்திர எண்ணெய் இருந்த போத்தலில் பிரேக் எண்ணெயை ஊற்றி வைப்பதும் கூடாது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. பனிமூட்டம் குறையாத மலையில் மூடியைத் திறந்து வைக்கலாகாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றிவிடுவது நல்லது. இன்னுமொன்று: பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

மலைக்காற்று இயந்திரத்தையும் மாற்றுகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மெலிந்தது. பெட்ரோல் இயந்திரத்திற்குக் காற்று குறைந்து பெட்ரோல் மிகுவதால் பிளக் கறுத்துப் போகும், இழுவையும் குறையும். இதைப் பழுதென்று எண்ணி இயந்திரத்தைப் பிரித்துப் போடுவார் உளர்! அவ்வுயரத்தில் நீர் கொதிப்பதும் 100 பாகையில் அன்று, 95 பாகை அளவிலேயே. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதால்தான் நீர் கொதிக்காமல் இருக்கிறது. எனவே ஏற்றத்தில் வண்டி கொதித்தால், முதலில் அந்த மூடியின் ரப்பரைச் சோதியுங்கள்; அது மலிவான பொருள். அடுத்து விசிறி வார். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்திற்குமேல் தளரக்கூடாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பது முகத்தை வேகவைத்துக்கொள்வதாகும்.

காலைப் பனியில் வண்டி கிளம்ப மறுத்தால், பெட்ரோல் வண்டியாயின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடையுங்கள். பத்தில் பாதி இதிலேயே தீரும். தீராவிடில் உள்ளிருக்கும் பாயிண்ட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் கம்பிகளைக் கழற்றினால் எண்ணிட்டு வையுங்கள். நான்கு சிலிண்டர் வண்டியில் அவை 1, 3, 4, 2 என்ற வரிசையில் பொறிவிடும். டீசல் வண்டிக்குப் பொறியே இல்லை. அங்கே தேடவேண்டியவை வடிகட்டியில் நீர், குழாயில் காற்று, சூடேற்றும் பிளக் ஆகிய மூன்றே. முன்புறக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்புவோர், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் முறியும்.

பேட்டரி மாற்றுவோருக்கு ஓர் எச்சரிக்கை. 1967ஆம் ஆண்டு வாக்கில் வரை வந்த வண்டிகளிற் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. வழக்கம்போல் மாற்றி இணைத்தால் மின்கருவிகள் கெட்டுவிடும். விளக்கு மங்கலாக எரிந்தால், அலுமினியத் தகட்டோடு மின்கம்பி சேரும் இடத்தில் பூத்திருக்கும் வெண்பொடியைச் சுரண்டி எடுங்கள்.

எண்ணெயைப் பொறுத்தமட்டில், இந்த வண்டியில் கசிவு நின்றுவிட்டால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் என ஓட்டுநர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கையில் உண்மையும் உண்டு. இயந்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றை மறப்பதே வழக்கமாயிருக்கிறது. கியர்ப்பெட்டி, அதன் பின்னுள்ள மாற்றுப்பெட்டி, முன் அச்சு, பின் அச்சு, முன்சக்கரங்களுக்கு உட்புறம் திரும்பும் இரண்டு உருண்டைகள் என ஒவ்வொன்றிற்கும் தனித்தனி எண்ணெயும் தனித்தனித் திருகும் உள்ளன. அவ்வுருண்டைகளின் மேற்பூச்சு துருப்பிடித்துச் சொரசொரப்பானால் ரப்பர் வளையம் அறுபட்டு எண்ணெய் ஒழுகும். சேற்றைக் கழுவித் துடைத்து வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

மஞ்சள் குமிழை அழுத்தி நான்கு சக்கர இழுவையில் தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்வதால் தண்டுகள் முறுக்கேறும், ஸ்டீயரிங் கனக்கும், நெம்புகோல் சிக்கிக்கொள்ளும். சிக்கினால், சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு விடும். வண்டியை நிறுத்தி, சிவப்பு நெம்புகோலைத் தாழ்நிலைக்கு இழுத்து மீண்டும் முன்னே தள்ளினால் மஞ்சள் குமிழ் தானே மேலெழும்.

மேற்கூடு அலுமினியமாதலால் துருப்பிடிக்காது என்று பலர் மனநிறைவு கொள்கின்றனர். அடிச்சட்டம் எஃகுப்பெட்டி, அது உள்ளிருந்து அரிக்கும், வெளியே சாயம் பளபளக்கும். சிறு சுத்தியலால் சட்டத்தின் அடிப்புறத்தைத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். கணீரென்று ஒலித்தால் நலம். மத்தென்று மங்கி ஒலிக்கும் இடத்தில் இரும்பு மெலிந்துவிட்டது. பின்குறுக்குச் சட்டத்தையும், வில்தகடுகள் மாட்டும் இடங்களையும் சிறப்பாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டை கண்டால் தகரத்தையும் தாரையும் பூசி மறைக்காதீர்கள். வெல்டிங் அறிந்த பட்டறையில் பழுதானதை வெட்டியெடுத்துப் புது இரும்பு வைக்கச் செய்யுங்கள். ஸ்டீயரிங் மூட்டுகளும் டீசல் பம்பும் பட்டறைக்குரியனவே. சட்டத்தின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றைச் சேறு அடைத்திருக்கும். கழுவும் ஒவ்வொரு முறையும் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, வண்டியின் முன்புறம் சற்று உயர்ந்திருக்குமாறு நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, நீர் முழுதும் வடியவிடுங்கள்.